ஒலிபெருக்கி ஏற்றிய பெட்டியில் நான்கு பேர் தூங்க வேண்டுமென்றால்

கெப்போங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி, மணமேடைச் சாமான் ஏற்றிப்போக ஒருவர் வைத்திருந்த பெட்டி டிரெய்லர் மலிவாகக் கிடைக்கிறதாம். நீளம் 12 அடி, அகலம் 6 அடி, ஒற்றை அச்சு, உள்ளே இரும்பு விலா, வெளியே அலுமினியத் தகடு. இதைக் குடும்பத்தோடு தங்கும் கேம்பராக மாற்ற வேண்டும். மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் கேமரன் மலை, போர்ட்டிக்சன், பட்டர்வொர்த்தில் பாட்டி வீடு. அமெரிக்கக் காணொளிகளில் அடுப்பங்கரை, குளியலறை, சோபா எல்லாம் வைத்துக் கட்டுகிறார்களே, நமக்கும் ஆகுமா, எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

ஆகும் தம்பி. ஆனால் அந்தக் காணொளிகளில் பாதியை மறந்துவிடுங்கள். அவர்கள் மல்லுக்கட்டுவது குளிரோடு. நமக்கு வெயிலும் ஈரமும்தான் எதிரி. நான் செந்தூலில் குளிர்பெட்டி லோரிகளுக்கு ஏர்கோன் வேலையும் பெட்டி வேலையும் பார்ப்பவன். என் குடும்பத்துக்காக இதே மாதிரி ஒரு பெட்டியை ஒருமுறை தப்பாகவும், அதைப் பிரித்து மறுமுறை சுமாராகவும் கட்டியிருக்கிறேன். அதில் கற்றது ஒன்றுதான்: பெட்டிக்குள் வீடு கட்டாதீர்கள், தூங்குகிற அறை மட்டும் கட்டுங்கள். சமையல் வெளியே. குளியல் வேறெங்காவது. நம் நெடுஞ்சாலையில் ஆர்.என்.ஆர். என்கிற ஓய்விடம் இருக்கிறது, எண்ணெய் நிலையம் இருக்கிறது, பசித்தால் நடுராத்திரியிலும் மாமாக் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. எந்த ஊருமில்லாத பாலைவனத்தில் மூன்று நாள் நிற்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் நமக்கு வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. டிரெய்லரின் பதிவுக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். காகிதம் இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறைக்குப் போய், சாமான் பெட்டியைத் தங்கும் பெட்டியாக மாற்ற என்ன அனுமதி, வண்டிப் பரிசோதனை செய்கிற புஸ்பாகோமில் எதைப் பார்ப்பார்கள், உங்கள் லைசன்ஸும் வண்டியும் இந்த இழுவைக்குப் போதுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி வாங்காமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் நீட்டுவது அந்தப் பதிவுக் காகிதத்தைத்தான். ஜன்னலுக்குத் தகட்டை வெட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்கப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

சரி, எடைக்கு வருவோம். இதைப் பேசினால் எல்லோருக்கும் கொட்டாவி வரும். ஆனால் ஆளைக் கொல்வது இதுதான்.

இந்த அளவு ஒற்றை அச்சுப் பெட்டிகள் பெரும்பாலும் வெறுமையாக 550 முதல் 650 கிலோ வரை இருக்கும். மொத்த எடை வரம்பு 1,350 கிலோ அளவில் வரும். உங்களுடையதில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், அதில் உள்ள எண்தான் கணக்கு. ஆக, மரம், கட்டில், பேட்டரி, தண்ணீர், துணிமணி எல்லாம் சேர்த்து உங்கள் கையில் 700 கிலோ. நிறைய இருப்பது போலத் தெரியும். ஒரு 8-க்கு 4 பிளைவுட் 18 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 32 கிலோ. 12 மில்லிமீட்டர் 21 கிலோ, 6 மில்லிமீட்டர் 11 கிலோ. அலமாரி, கட்டில், தடுப்பு என்று 18-இல் பத்துப் பலகை போட்டால் 320 கிலோ காலி. முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். தச்சர் நல்ல மனுஷர், வீட்டு அலமாரி செய்கிற மாதிரி உறுதியாகச் செய்து கொடுத்துவிட்டார். பழைய இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது வரம்புக்கு மேல் 190 கிலோ. தண்ணீர் கூட இன்னும் ஊற்றவில்லை.

அதனால் சுவருக்கும் கூரைக்கும் 3 முதல் 6 மில்லிமீட்டர், கட்டில் சட்டத்துக்கு அலுமினியக் குழாய், கட்டில் மேல் 9 மில்லிமீட்டர். அலமாரிக் கதவுக்குப் பதில் துணி அல்லது வலை. அலமாரித் தட்டுகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகள். பார்க்கக் கொஞ்சம் ஏழையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எவ்வளவு எடை என்பது பாதிதான். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 1,200 கிலோ பெட்டி என்றால் 120 முதல் 180 கிலோ. அதற்குக் குறைந்து, கனம் பின்பக்கம் போய்விட்டால், வேகம் ஏற ஏற டிரெய்லர் நாய் வாலாட்டுகிற மாதிரி இடவலமாக ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங் கைப்பிடியைத் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள், பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைப்பிடியை நேராகப் பிடித்தபடி வேகத்தை விழவிடுங்கள்.

மூக்கெடையை வீட்டுத் தராசிலேயே அளக்கலாம். ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் ஆள் நிற்கும் தராசு, இரண்டுக்கும் நடுவே மூன்று அடி தூரம் வருகிற மாதிரி ஒரு கட்டை. செங்கல்லிலிருந்து ஒரு அடி தள்ளி, கட்டையின் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கெடை. அந்த எடை அப்படியே காரின் மேல் விழும். காரில் ஏற்கெனவே நான்கு பேர், பைகள். உங்கள் காரின் கையேட்டில் இழுக்கும் எடைக்கு ஒரு வரம்பு, கொக்கி எடைக்கு ஒரு வரம்பு என்று இரண்டு எண் இருக்கும். பல கார்களில் கொக்கி வரம்பு 75, 100 கிலோ அளவில்தான். இரண்டில் எது முதலில் தட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. மைவி மாதிரிச் சின்னக் காரில் இழுக்கலாமா என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சவரம்பு. இங்கே சட்டம் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணை நான் மனதில் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் வளைவுகளுக்கு ஐரோப்பா, மலேசியா என்று வித்தியாசம் தெரியாது. போகவும் வரவும் சிம்பாங் பூலாய் வழியை எடுங்கள். தூரம் கூடினாலும் சாலை அகலம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பலகை 110 என்று சொல்லும். உங்களுக்கு 80. பெருநாள் கூட்டத்திலும் தைப்பூச நாளில் பத்துமலைப் பக்கமும் இதை இழுத்துக்கொண்டு போகிற எண்ணமே வேண்டாம்.

இனி என் தொழில். கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்நாட்டுக்காரன் பெட்டிக்குள் ஃபோம் வைத்து, அதற்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதன்மேல் பலகை அடிப்பான். அவனுக்கு அது சரி. உள்ளே சூடான ஈரக்காற்று, வெளியே பனி. ஈரம் உள்ளிருந்து சுவருக்குள் போகக் கூடாது. நம் ஊரில் படம் தலைகீழ். கோலாலம்பூர்க் காற்றை ஆண்டு முழுக்க ஏறக்குறைய 24 பாகைக்குக் குளிரவைத்தாலே தண்ணீராகச் சொட்டும். ஐஸ் தே கிளாஸின் வெளிப்புறம் வேர்ப்பது அதனால்தான். நீங்கள் ஏர்கோனை 20-இல் வைத்துத் தூங்கும்போது உங்கள் உள்பலகைதான் அந்தக் கிளாஸ். வெளியிலிருந்து இடுக்கு வழியாகச் சுவருக்குள் நுழைந்த ஈரக்காற்று, குளிர்ந்த பலகையின் முதுகில் வேர்த்து இறங்கும். பிளாஸ்டிக் தாளும் அங்கே இருந்தால் அந்தத் தண்ணீர் உலர வழியில்லை.

எனக்கு நடந்தது அதுதான். போர்ட்டிக்சன் போய்வந்த மூன்றாவது வாரம் வீட்டுக்காரி கதவைத் திறந்து, “யாரோ நனைந்த சாக்குப்பையை உள்ளே விட்டுப் போயிருக்கிறார்கள்” என்றாள். சாக்குப்பை எதுவும் இல்லை. பலகையைக் கழற்றினேன், பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. குளிர்பெட்டிக்காரன் வீட்டிலேயே இப்படி. தொழிலில் செய்வதை மறந்துவிட்டுக் காணொளியைப் பார்த்துக் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

இரண்டாம் முறை செய்தது இது. வெளித்தகட்டின் ஒவ்வொரு ஆணித்தலையையும் ஒவ்வொரு மூட்டையும் உள்ளிருந்து பாலியூரித்தேன் பசையால் அடைத்தேன். நம் ஊரில் ஈரத்தை நிறுத்த வேண்டிய இடம் வெளித்தோல். பின் 25 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் பலகையை, காற்று புகாதபடி, தகட்டோடு முழுவதும் ஒட்டினேன். எக்ஸ்.பி.எஸ். வகை ஃபோம் போதும், பி.ஐ.ஆர். வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன்மேல் இரும்பு விலாக்களையும் மறைத்து இன்னொரு 10 மில்லிமீட்டர் ஃபோம். இந்த இரண்டாவது அடுக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விலா வழியாகத்தான் சூடு நேராக உள்ளே வரும். விடிகாலையில் ஒரு பழைய குளிர்பெட்டி லோரியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், எலும்புக்கூடு வரைந்த மாதிரி கோடு கோடாக வேர்த்திருக்கும். அந்தக் கோடுகள்தான் விலாக்கள். எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய பலகை. பிளாஸ்டிக் தாள் கிடையாது, மினுக்கும் வால்பேப்பரும் கிடையாது. உள்பக்கம் மூச்சுவிடட்டும்.

கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அதுதான் மலிவான ஏர்கோன். அதன்மேல் சோலார் பலகை போட்டால் அடியில் இரண்டு அங்குலமாவது காற்று ஓட இடம் விடுங்கள். பலகையின் நிழலும் கூரைக்கு லாபம்.

ஏர்கோன் போட்டால் 25, 26-இல் வையுங்கள். தூங்குகிற ஆள் ஒவ்வொருவரும் 70, 80 வாட் சூட்டைக் கக்குகிறார். நான்கு பேர் படுத்தால் 300 வாட் ஹீட்டர் ஒன்றை இரவெல்லாம் ஓடவிட்ட மாதிரி. மூச்சிலும் வேர்வையிலும் வெளியேறும் தண்ணீர் விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர். கேமரன் மலையில் இரவு 16 பாகைக்கு இறங்கும்போது அந்த ஒரு லிட்டர் தகட்டிலும் கண்ணாடியிலும் வழியும். அங்கே மட்டும் நீங்களும் குளிர்நாட்டுக்காரன்தான். மருந்து ஒன்றே: காற்று. தரையோரம் கொசுவலை போட்ட ஒரு திறப்பு, கூரையில் வெளியே இழுக்கும் 12 வோல்ட் விசிறி. குளிருகிறதே என்று இரண்டையும் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள்.

பிளைவுட் வாங்கும்போது இ-0 அல்லது இ-1 தரம் என்று கேட்டு வாங்குங்கள், பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாகக் கசியும் பலகை அது. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த டிரெய்லர்களில் பலருக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்தன. பிறகு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்களைச் சோதித்தபோது சராசரியாக 100 கோடியில் 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. பலகைப் பசையிலிருந்து கசிவதுதான். சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும், அதாவது நம் ஊர் மாதிரி. கட்டி முடித்த பிறகு பத்துப் பதினைந்து நாளாவது கதவைத் திறந்து வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள்.

மின்சாரத்துக்குக் கணக்கு எளிது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் மணி இருக்கிறது. 25 வாட் விசிறி இரண்டு, 9 மணி நேரம்: 450. சின்ன கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் வெயிலில் ஒரு நாளைக்கு 500. விளக்கு, கைப்பேசி 100. மொத்தம் 1,050. கூரையில் 200 வாட் சோலார் ஒரு நல்ல நாளில் 600, 700 திருப்பிக் கொடுக்கும். இரண்டு இரவுக்கு இது போதும். இதில் ஏர்கோனைச் சேர்த்தால் கணக்கு உடைந்துவிடும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழு வேகத்தில் 800 வாட் கேட்கும். அந்த ஒரு பேட்டரியில் ஒன்றரை மணி நேரம். அதனால் ஏர்கோன் வேண்டுமென்கிற இரவுகளில் பிளக் தருகிற முகாமைத் தேடிப் போங்கள். மலைக்குப் போனால் விசிறியே போதும். ஏர்கோனுக்காக நான்கு பேட்டரி வாங்குவதை விட அந்தக் காசுக்கு எத்தனையோ இரவு ஓட்டலில் தங்கலாம். இப்படிச் சொல்வது என் தொழிலுக்கே கேடு, ஆனாலும் உண்மை.

வீட்டு ஸ்ப்ளிட் ஏர்கோனை டிரெய்லர் மூக்கில் மாட்டுகிறார்கள். செய்யலாம். ஆனால் செப்புக் குழாயை நேராக இழுத்து மாட்டினால் குலுக்கலில் நட்டுக்குப் பக்கத்திலேயே வெடிப்பு விட்டு கேஸ் போய்விடும். இரண்டு சுற்று வளையம் விட்டு, ரப்பர் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அல்லது ஜன்னல் வகை, அதில் கழலக் குழாயே இல்லை. வெளிப்பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கு 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். பெட்டியின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தில் கட்டுங்கள். மழையில் நனைந்து வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை முதலில் தொடுவது கதவுப்பிடியைத்தான். பேட்டரி பக்கம், ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். கம்பி, ஃபியூஸ், முனையெல்லாம் புடு, ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். கம்பி கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1,000 வாட் இன்வர்ட்டர் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய கம்பி அடுப்புக் கம்பியாகிவிடும்.

கேஸ் அடுப்பைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இதில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், பிள்ளைகள் படுப்பதும் அங்கேதான். பின்கதவுக்கு வெளியே இழுத்துப்போடுகிற மேசை, அதில் சின்ன கேஸ் டின் அடுப்பு, மேலே தார்பாய். மீன் பொரித்தாலும் சம்பல் கிண்டினாலும் வாடை மெத்தையில் ஏறாது, அதுவே பெரிய லாபம். மழை வந்தால் கடைக்குப் போங்கள்.

இன்னொன்று, உங்கள் பெட்டியில் நிச்சயம் இருக்கும். சாமான் பெட்டியின் பின்கதவுகள் வெளியிலிருந்து கம்பி போட்டுப் பூட்டுகிறவை, உள்ளிருந்து திறக்க முடியாது. யாரோ விளையாட்டாகக் கம்பியைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கைதிகள். பக்கக் கதவு ஒன்று உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கம், ஒரு பெரிய ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவு ஜன்னல் ஒன்று. பிள்ளைகளையே அதன் வழியாக இரண்டு மூன்று முறை இறங்க வைத்துப் பழக்குங்கள், அவர்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருக்கும். புகைமணி, கார்பன் மோனாக்சைடு மணி, தீயணைப்பான் மூன்றும் வாங்குங்கள். ஜெனரேட்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டவே கூடாது. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, ஐந்து நிமிடத் தூரமானாலும்.

படுக்கை அமைப்பு சுலபம். மூக்குப் பக்கம் குறுக்காக மேலும் கீழுமாகப் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டில், இரண்டடி அகலம் போதும். பின்பக்கம் உங்களுக்கு ஒரு கட்டில், பகலில் மடக்கினால் நடக்க இடம். குறுக்கே படுத்தால் உள் அகலம் ஐந்தே முக்கால் அடிதான் வரும், உங்கள் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு அடியில் பலகை முழுக்க ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் மெத்தையின் அடியிலும் பூஞ்சை. தண்ணீர் 40 லிட்டர் போதும், அதுவே 40 கிலோ, அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். பேட்டரி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், நிழலில். ராத்திரி அவசரத்துக்குக் கையடக்கக் கழிப்பறை ஒன்று.

போர்ட்டிக்சன், பத்து பெரிங்கி என்று கடற்கரையில் நிறுத்துகிறவர்கள் இரும்புத் திருகாணி போடாதீர்கள். அலுமினியத்தோடு சேர்ந்து உப்புக்காற்றில் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போட்டு, அடியில் பசை வைத்து முறுக்குங்கள். திரும்பி வந்ததும் சக்கரம், அச்சு, அடிச்சட்டம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒலிபெருக்கி ஏற்றிய டிரெய்லர் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நின்றே கிடந்திருக்கும், டயர் பார்க்கப் புதிதாகத்தான் தெரியும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1718 என்றால் 2018-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரம். ஆறு வயது தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், பேரிங்குக்கும் புதுக் கிரீஸ் வையுங்கள்.

முதல் இரவு எங்கும் போக வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, நான்கு பேரும் உள்ளே படுத்து எழுந்திருங்கள். காலையில் எங்கே வேர்த்திருக்கிறது, யாருக்குக் காற்று வரவில்லை, யார் தலை எங்கே இடித்தது என்று தெரிந்துவிடும். கழிப்பறையும் பத்தடி தூரத்தில்.

அதற்கு முன்னால் பெட்டியை வெறுமையாக எடைமேடையில் ஏற்றுங்கள். அந்த எண், தகட்டில் எழுதியிருக்கும் வரம்பு, மூக்கிலிருந்து அச்சு எத்தனை அடியில் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். கட்டிலையும் தொட்டியையும் எங்கே வைத்தால் மூக்கெடை சரியாக வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.